விழுந்தது யார் தப்பு? – என்இஎஸ் கன்சோலின் ஆறு சிறந்த பிளாட்ஃபார்ம் கேம்கள்

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ்ல புரொஜெக்டைல் மோஷன் எல்லாருமே படிச்சிருப்போம். பந்தைச் சாய்வா எறிஞ்சா எவ்வளவு உயரம் போகும், எங்கே வந்து விழும்னு கணக்குப் போட்டு மார்க்கும் வாங்கியிருப்போம். அதே கணக்கை நொடிக்கு 60 தடவை போட்டு, பந்துக்குப் பதிலா ஒரு மீசைக்காரரை வெச்சா அதுதான் சூப்பர் மாரியோ.

ஓடணும், குதிக்கணும், பள்ளத்துல விழாம அடுத்த மேடைக்குப் போகணும். இதுதான் பிளாட்ஃபார்ம் கேம். இந்த வகை கேம்களுக்குப் பேர் போன வீட்டு கன்சோல்னா நின்டெண்டோவோட என்இஎஸ். ஜப்பான்ல 1983 ஜூலைல ஃபேமிகாம்ங்கிற பேர்ல வந்தது, அமெரிக்காவுக்கு 1985ல என்இஎஸ்னு போச்சு. நம்ம ஊர்க் கடைகள்ல 90கள்ல "டிவி வீடியோ கேம்"னு வித்ததுல பெரும்பாலானவை இதோட நகல்கள்தான். மஞ்சள் கேசட், மேல "9999 இன் 1"னு ஸ்டிக்கர். வீட்ல அண்ணன் அக்கா யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க, கதை கதையாச் சொல்வாங்க.

"சிறந்த பத்து"னு லிஸ்ட் இணையத்துல ஆயிரம் இருக்கு. இங்கே ஆறே ஆறு கேம்தான். தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வியை வெச்சுக்கிட்டேன்: பள்ளத்துல விழும்போது "ச்சே, நான்தான் சொதப்பிட்டேன்"னு தோணுதா, இல்ல "கேம் ஏமாத்திடுச்சு"னு தோணுதா? முதல் பதில் வந்தா மறுபடியும் ஆடுவோம். ரெண்டாவது வந்தா ரிமோட்டைத் தூக்கி எறிவோம். ஒரு பிளாட்ஃபார்ம் கேமோட உயிரே இதுலதான் இருக்கு.

முதல்ல கொஞ்சம் ஹார்டுவேர்

என்இஎஸ் பிராசஸர் 6502 வகையைச் சேர்ந்தது. வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை பார்க்கிற ரேம் 2 கேபி. ஆமா, கேபிதான். திரை 256க்கு 240 பிக்சல். நொடிக்கு 60 ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிறது சுமார் 29,780 கிளாக் சைக்கிள். ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கே 2ல இருந்து 7 சைக்கிள் போயிடும். எதிரிகள், இசை, மோதல், ஸ்கோர் எல்லாமே அந்த பட்ஜெட்டுக்குள்ள முடியணும்.

இதுல இன்னொரு சிக்கலும் உண்டு. 6502ல பெருக்கல் இன்ஸ்ட்ரக்‌ஷனே கிடையாது, தசம எண்ணும் கிடையாது. அப்போ குதிக்கிறதை எப்படிக் கணக்குப் போடுறது? ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேகத்தோட ஈர்ப்பைக் கூட்டு, இடத்தோட வேகத்தைக் கூட்டு. வெறும் ரெண்டு கூட்டல். தசமத்துக்குப் பதிலா ஒரு பிக்சலைச் சின்னச் சின்னப் பங்காப் பிரிச்சு வெச்சுப்பாங்க. மாரியோ முழு வேகத்துல ஓடும்போது ஃப்ரேமுக்கு 40 பங்கு நகர்வார். 16 பங்கு ஒரு பிக்சல், ஆக 2.5 பிக்சல். நொடிக்கு 150 பிக்சல்.

எல்லா கேமுக்கும் கூட்டல் ஒண்ணுதான். எந்த எண்ணைக் கூட்டுறாங்க, அதுல நம்ம விரலுக்கு எவ்வளவு அதிகாரம் தர்றாங்கங்கிறதுலதான் ஒவ்வொரு கேமும் வேற வேற ஆளா மாறுது.

1. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985)

மொத்த கேமும் 40 கேபி. இன்னைக்கு வாட்ஸ்அப்ல வர்ற ஒரு குட் மார்னிங் படம் இதைவிடப் பெருசு. இடம் பத்தாம மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைத்தான் வெச்சாங்க, நிறத்தை மட்டும் மாத்தி. அடுத்த தடவை பார்க்கும்போது கவனிங்க.

இதோட ஜம்ப்ல ஒரு பொய் இருக்கு. ஏ பட்டனை அழுத்திக்கிட்டே இருந்தா மேலே போகும்போது ஈர்ப்பு குறையும், விட்டுட்டா கூடும். அதனாலதான் லேசாத் தட்டினா குட்டி ஜம்ப், பிடிச்சா பெரிய ஜம்ப். வேகமா ஓடி வந்தா இன்னும் உயரம். காத்துல இருக்கும்போதே திசையையும் கொஞ்சம் மாத்தலாம். நியூட்டன் பார்த்தா பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடுவார். ஆனா நம்ம விரலுக்கு இதுதான் உண்மையாத் தோணுது.

சொல்லிக் கொடுக்கிற விதத்தையும் பாருங்க. முதல் லெவலோட கடைசில ரெண்டு படிக்கட்டு ஜோடி வரும். முதல் ஜோடிக்கு நடுவுல வெறும் தரைதான், தவறி விழுந்தாலும் உயிர் போகாது. அடுத்த ஜோடிக்கு நடுவுல பள்ளம். ஒரு வார்த்தை எழுதாம ரிகர்சல் கொடுத்துட்டு அப்புறம்தான் எக்ஸாம் வைக்கிறாங்க. இப்படி ஒரு புரொஃபசர் கிடைச்சா யாரு பங்க் அடிப்பா?

2. காசில்வேனியா (1986)

கோனாமியோட பேய்க் கோட்டை. ஹீரோ சைமன் பெல்மாண்ட், ஆயுதம் ஒரு சாட்டை. மாரியோ ஆடின கையோட இதுக்கு வந்தா முதல் பத்து நிமிஷம் கடுப்பாகும். ஏன்னா இங்கே குதிச்சா குதிச்சதுதான். காத்துல திசை மாத்த முடியாது. அதாவது நம்ம மெக்கானிக்ஸ் புத்தகத்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற கேம் இதுதான். கால் தரையை விட்ட நொடியே எங்கே இறங்கப் போறோம்ங்கிறது முடிவாகிடும்.

இது குறைனு நிறைய பேர் சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல. இந்த கேம் ரிஃப்ளெக்ஸைக் கேட்கல, முடிவைக் கேட்குது. மெடுசா தலைகள் சைன் வேவ் மாதிரி ஏறி இறங்கிப் பறந்து வரும். அலை எப்போ மேலே, எப்போ கீழேன்னு படிச்சுட்டுத்தான் காலை எடுக்கணும். அடி பட்டா சைமன் பின்னாடி தூக்கி எறியப்படுவார், பின்னாடி பள்ளம்னா கதை முடிஞ்சது. கடுமைதான், ஆனா விதி ஒரு தடவைகூட மாறாது. கடுமையா இருக்கிறதும் அநியாயமா இருக்கிறதும் ஒண்ணு இல்லைனு புரிய வைக்கிற கேம் இது.

3. மெகா மேன் 2 (1988)

கேப்காம் தயாரிப்பு. எட்டு பாஸ், எந்த வரிசைல வேணா போகலாம். ஜெயிச்சா அந்த பாஸோட ஆயுதம் நமக்கு. அந்த ஆயுதம் இன்னொரு பாஸுக்கு எமன். யாரை முதல்ல அடிக்கிறதுங்கிறதே பாதி கேம். கடைசில எட்டு பேரும் திரும்ப வருவாங்க. அப்போ மெட்டல் மேனை அவரோட பிளேடாலேயே அடிச்சுப் பாருங்க, ஓரிரு அடில காலி!

ஜம்ப் எப்படி? மாரியோவுக்கு நேர் எதிர். மாரியோ ஓடி வந்து நிக்கும்போது கொஞ்சம் வழுக்குவார். மெகா மேனுக்கு அந்த வழுக்கல் கிட்டத்தட்ட இல்லை. விரலை எடுத்தா நின்னுடும். குதிக்கும்போது பட்டனை விட்டா ஏறுறது அங்கேயே நின்னு இறங்க ஆரம்பிச்சுடும். பயங்கரத் துல்லியம். அந்தத் துல்லியத்தைக் கொடுத்துட்டு அதையே சோதிக்கிறாங்க. பபுள் மேன் லெவல்ல தண்ணிக்குள்ள ஜம்ப் ரொம்ப உயரமாப் போகும். மேலே பார்த்தா முள். தொட்டா சாவு. இதுவரைக்கும் உயரமாக் குதிக்கக் கத்துக்கிட்டவங்க, இங்கே கம்மியாக் குதிக்கக் கத்துக்கணும்.

4. நிஞ்ஜா கெய்டன் (1988)

டெக்மோவோட கேம். ஹீரோ ரியூ ஹயபுசா. லெவலுக்கு நடுவுல சினிமா மாதிரி காட்சிகள் ஓட்டிக் கதை சொன்னதுல அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம். சுவர்ல ஒட்டிக்கிட்டு அங்கிருந்து தாவுற நிஞ்ஜா ஜம்ப் செம ஃபீல்.

ஆனா என் கேள்வில இந்த கேம் பாதிதான் பாஸ். திரை ஓரத்துல எதிரியைக் கொன்னுட்டு ஒரு அடி பின்னாடி வந்து முன்னாடி போனா அதே எதிரி திரும்ப நிப்பான். பறவை ஒண்ணு சரியா நீங்க குதிக்கிற நேரம் பார்த்து வந்து இடிச்சுப் பள்ளத்துல தள்ளும். கடைசி பாஸ்கிட்ட தோத்தா ஆறாவது ஆக்ட்டோட தொடக்கத்துக்கே அனுப்பிடுவாங்க. அப்போ ஏன் லிஸ்ட்ல வெச்சேன்? ரியூவோட கால் அவ்வளவு சுத்தம். விழும்போது கோபம் லெவல் மேல வரும், கண்ட்ரோல் மேல வராது. நல்ல ஜம்பும் நியாயமான லெவலும் ரெண்டு தனித்தனி விஷயம்னு காட்டுற உதாரணம் இது.

5. டக்டேல்ஸ் (1989)

இதுவும் கேப்காம்தான். பணக்கார வாத்து ஸ்க்ரூஜ் கைல ஒரு ஊன்றுகோல். குதிச்சுட்டு டவுனையும் பி பட்டனையும் அழுத்தினா அந்தக் கோலையே ஸ்பிரிங் மாதிரி ஊன்றித் துள்ளித் துள்ளிப் போவார். எதிரி மேல துள்ளலாம், முள் மேலயும் துள்ளலாம். மத்த கேம்ல எமனா இருக்கிற முள் இங்கே மேடை. அமேசான், இமயமலை, நிலான்னு ஐந்து இடம், எங்கே முதல்லங்கிறது உங்க இஷ்டம். நிலா லெவலோட இசை இன்னைக்கும் கிட்டார்ல வாசிச்சு யூட்யூப்ல போட்டுக்கிட்டே இருக்காங்க. ஆறுல சுலபமா முடிக்கக்கூடியது இதுதான்.

6. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 (1988)

முதல் மாரியோ 40 கேபி. இது 384 கேபி. கன்சோல் அதேதான். அப்போ எப்படி? ரகசியம் கேசட்டுக்குள்ள. எம்எம்சி3ங்கிற சிப்பை கேசட்லயே வெச்சாங்க. மெமரியைப் பகுதி பகுதியா மாத்திக் கொடுக்கிறது ஒரு வேலை. டிவி எந்த வரியை வரைஞ்சுக்கிட்டு இருக்குனு எண்ணி பிராசஸருக்கு இன்டரப்ட் அனுப்புறது இன்னொரு வேலை. அதனாலதான் மேலே உலகம் நகர, கீழே ஸ்கோர் பட்டை ஆடாம நிக்குது. மைக்ரோபிராசஸர் கிளாஸ்ல இன்டரப்ட் எதுக்குனு கேட்டா இந்த உதாரணத்தைச் சொல்லுங்க.

முதல் மாரியோல திரை இடதுபக்கம் திரும்பாது. இதுல பின்னாடி போகலாம், மேலேயும் போகலாம். இலையை எடுத்தா வால் முளைக்கும். ஓடி ஓடிக் கீழே இருக்கிற மீட்டர் நிரம்பினா பறக்கலாம். பறக்கணும்னா முதல்ல ஓட இடம் வேணும். அதனால ஒவ்வொரு நீளமான தரையும் "இங்கே ஓடிப் பாரேன்"னு கூப்பிடும். லெவலைப் பார்க்கிற பார்வையே மாறிடும். ஒண்ணே ஒண்ணுதான் ஆட நேரம் இருக்குனா இதை ஆடுங்க.

"கான்ட்ரா எங்கே பாஸ்?"

கேட்பீங்கன்னு தெரியும். கான்ட்ரா அருமையான கேம், ஆனா அதுல குதிக்கிறது துணை வேலை, சுடுறதுதான் முக்கிய வேலை. அதுக்குத் தனிக் கட்டுரை வேணும். கிர்பிஸ் அட்வென்ச்சரையும் (1993) சொல்லாம விட முடியாது. 768 கேபி, அதே பழைய கன்சோல்ல. காத்தை உள்ளே இழுத்து நினைச்ச நேரம் பறக்கலாம். பள்ளத்துல விழுற பயமே கிட்டத்தட்ட இல்லை, அதனாலதான் என் கேள்விக்குள்ள வரல. ஆனா கேம் பக்கமே வராத தம்பி தங்கைக்கு முதல்ல கொடுக்க வேண்டியது இதுதான்.

எங்கே, எப்படி ஆடுறது?

பைரேட்டட் கேசட்டைத் தேட வேண்டாம். மெகா மேன் லெகஸி கலெக்‌ஷன், காசில்வேனியா ஆனிவர்சரி கலெக்‌ஷன், டக்டேல்ஸ் அடங்கின டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்‌ஷன் மூணும் பிசிலயே வந்திருக்கு. ரெண்டு மாரியோவும், நிஞ்ஜா கெய்டனும், கிர்பியும் நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன்ல உண்டு. வரிசை: முதல்ல மாரியோ, அடுத்து டக்டேல்ஸ், மெகா மேன் 2, மாரியோ 3, காசில்வேனியா, கடைசியா நிஞ்ஜா கெய்டன்.

ஒரு எச்சரிக்கை. இந்த கேம்கள் பழைய பிக்சர் டியூப் டிவிக்காகச் செஞ்சவை. இன்றைய எல்இடி டிவி படத்தை மெருகேத்திக் காட்ட சில ஃப்ரேம் நேரம் எடுத்துக்கும். ஒரு ஃப்ரேம்னா சுமார் 16.7 மில்லிசெகண்ட். முழு வேகத்துல ஓடுற மாரியோ நாலு ஃப்ரேம்ல 10 பிக்சல் தாண்டிடுவார். நீங்க விளிம்புல குதிச்சதா நினைப்பீங்க, அவர் ஏற்கெனவே பள்ளத்துல இருப்பார். டிவில கேம் மோடை ஆன் பண்ணுங்க. அப்போதான் தப்பு உங்களோடதா டிவியோடதான்னு தெரியும்.

கடைசியா, கேம் டெவ் பக்கம் போக நினைக்கிறவங்களுக்கு. யூனிட்டியோ கோடோவோ திறந்ததும் கிராஃபிக்ஸ் தேடி அலையாதீங்க. ஒரு சதுரம், ஒரு தரை, ஒரு பள்ளம் போதும். அந்தச் சதுரத்தைக் குதிக்க வைங்க. ஈர்ப்பு எண்ணை மாத்தி மாத்திப் பாருங்க. பக்கத்து ரூம் நண்பன் கைல கொடுங்க. பள்ளத்துல விழுந்ததும் "இரு இரு, இன்னொரு தடவை"னு அவனே கேட்டா, உங்க கேம் பாதி முடிஞ்சது.