எந்த எண்ணெய் நல்லது?

பெங்களூரில் சிவாஜி நகர், அல்சூர் பகுதிகளில் மளிகைக் கடைகள் பல உண்டு. அங்கே கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பாமாயில் எல்லாம் கிடைக்கும். நெய்யும் வனஸ்பதியும் கிடைக்கும். இவற்றில் எது நல்லது?

எண்ணெய் என்பது கொழுப்பு. அளவான கொழுப்பு உடலுக்குத் தேவை. ஆனால் எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல.

நெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றில் உறையும் கொழுப்பு அதிகம். இது மிகுந்தால் இரத்தத்தில் கெட்ட கொழுப்பு கூடும். அது இரத்தக் குழாயில் படியும். இதயத்துக்குப் போகும் குழாய் அடைபட்டால் மாரடைப்பு வரும். கடலை, எள், சூரியகாந்தி எண்ணெய்களில் உறையும் கொழுப்பு குறைவு.

வனஸ்பதி எப்படிக் கெட்டியாகிறது? எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துகிறார்கள். அப்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகும். இது இதயத்துக்கு மிகவும் கெடுதல். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் இது நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. 2022 ஜனவரி முதல் இது அரசு விதி.

நல்ல எண்ணெயும் திரும்பத் திரும்பக் காய்ந்தால் கெடும். போண்டா, பஜ்ஜி வாங்கும்போது வாணலியைப் பாருங்கள். எண்ணெய் கறுத்து நுரைத்தால் வாங்காதீர்கள்.

பாமாயில் விலை மலிவு. கையில் பணம் குறைவா? அதையே வாங்கலாம். ஆனால் அளவைக் குறையுங்கள். முடிந்த மாதம் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்குங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் போதும். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 தேக்கரண்டி வரும்.

எந்த எண்ணெய் என்பது முக்கியம். எவ்வளவு எண்ணெய் என்பது அதைவிட முக்கியம்.