பன்னீர் ரோசாவின் வமிசம்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களிலே மணவீட்டுக்கு வருவோரைப் பன்னீர் தெளித்து வரவேற்கும் வழக்கத்தை நேயர்கள் அறிவர். பன்னீருக்குப் பேர்பெற்ற நாடு பாரசீகம். அதனைத் தரும் மணமிக்க மலர், சிரியாவின் தலைநகரால் டமாஸ்க் ரோசா எனப் பெயர் பெற்றது.

இதன் பூர்வீகத்தை 2000ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் கண்டறிந்தனர். மூன்று ரோசா இனங்களின் கலப்பினாற் பிறந்தது அது. அவற்றுளொன்று மத்திய ஆசியாவுக்குரியது. மேலும், மிகப் பழைய டமாஸ்க் வகைகள் நான்கினை ஒப்புநோக்கியபோது, அவை மரபமைப்பில் வேறுபாடற்று விளங்கின.

காரணம் யாது? ரோசாவைக் கொப்பு நட்டே பெருக்குவர். விதையிற் பிறக்கும் செடி பெற்றோரிருவர் குணங்களும் கலந்து புதிதாய் வரும். கொப்பிலே தளிர்த்ததோ தாய்ச் செடியின் மறுபிரதி. ஒரு வளவிலிருந்து நூறு வளவுகளுக்குக் கொப்புச் சென்றால், கண்ணுக்கு நூறு செடிகள். மரபு நோக்கில் ஒரே செடி. அதனை வீழ்த்தவல்ல நோய் வந்தால், நூறும் ஒருங்கே வீழும்.

பல்கேரியாவின் ரோசா எண்ணெய்த் தோட்டங்களின் நிலை பெரும்பாலும் இதுவே. பாரசீகமாகிய ஈரானிலோ, 2007இல் வெளியான ஆய்வொன்று, பல பகுதிகளிற் சேகரித்த 40 செடிகளில் 9 மரபு வகைகளைக் கண்டது. புதிய வகைகளை உருவாக்குவோருக்கு அவ்வேறுபாடே முதல்.

அம்முதலின் பயனுக்குச் சீனம் சான்று. ஐரோப்பாவின் பழைய ரோசாக்களிற் பெரும்பாலானவை ஆண்டுக்கொருமுறையே பூத்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிச் சீனத் தோட்டங்களிலிருந்து சென்ற செடிகளே மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பை வழங்கின. சீனர் அவற்றைப் பேணாது விட்டிருப்பின், அவ்வியல்பை எங்கே தேடுவது?

கடையிலிருந்து பெரிய பூச்செடி வந்ததும், உம்மம்மா நட்ட சிறிய ரோசாவைப் பிடுங்கி எறிவதுண்டு. மணற்றரையிலும் கடற்காற்றிலும் நெடுங்காலம் நின்று பிழைத்த செடி அது. அந்த வன்மையை நாளைய கலப்புக்கு அது வழங்கக்கூடும். புதியதை நடுவோர் பழையதன் கொப்பொன்றையும் வேலியோரம் ஊன்றிவைத்தல் நன்று. அழிந்த வகையை எந்த நாற்றுமேடையும் மீட்டுத் தராது.