ஆற்றடியில் ஒரு பாலம்

சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். குறுகலான ஆற்று வழியில் மின்சாரம் போவது எங்கள் எல்லோருக்குமே வயிற்றைக் கலக்கும் பயம். 2024 மார்ச் 26 அதிகாலை, அமெரிக்காவின் பால்டிமோரில் அதுதான் நடந்தது. சுமார் 300 மீட்டர் நீளமுள்ள ‘டாலி’ கப்பல் மின்சாரம் இழந்து, படாப்ஸ்கோ ஆற்றின் மேலிருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் மோதியதில் பாலம் இடிந்து ஆற்றில் விழுந்தது. கப்பலிலிருந்து முன்பே அபாய அழைப்பு போனதால் போலீசார் வண்டிகளைத் தடுத்துவிட்டார்கள். ஆனால் பாலத்தின் மேல் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

சுமார் 50,000 டன் இரும்பும் கான்கிரீட்டும் கப்பல் போகும் வழியை அடைத்துக் கிடந்தன. “பெரிய கிரேனால் தூக்கிப் போட வேண்டியதுதானே?” என்று என்னிடமே பலர் கேட்டார்கள். ஆயிரம் டன் தூக்கும் மிதவைக் கிரேன் வந்துவிட்டது. ஆனால் எதைப் பிடித்துத் தூக்குவது? கலங்கிய நீரில் முக்குளிப்பவருக்கு ஓரிரு அடிக்கு மேல் கண் தெரியாது. விளக்கடித்தால் மிதக்கும் சேறுதான் பளிச்சிடும். ஆகவே சோனாரை நம்பினார்கள். ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு ஆற்றடியைப் படமாக்கும் கருவி அது. மேலே இருப்பவர் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கீழே இருப்பவர் தடவித் தடவி நகர்ந்தார்.

வெட்டுவதில்தான் உயிராபத்து. முறுக்கிக்கொண்டு கிடக்கும் உத்திரம், வளைத்துப் பிடித்த மூங்கிலைப் போன்றது. இடம் தவறி வெட்டினால் எந்தப் பக்கம் விசிறும் என்று சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. இறந்தவர்களில் கடைசி ஆளின் உடல் மே 7 அன்றுதான் கிடைத்தது. அதுவரை அந்த இரும்புக்குள் ஒருவருடைய பிள்ளையோ தகப்பனோ இருக்கலாம் என்ற நினைப்போடுதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. தாமதம் என்று பேசியவர்கள்மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

கப்பலின் முகப்பில் விழுந்துகிடந்த பாலத்துண்டை மே 13 அன்று வெடிவைத்துத் துண்டித்தார்கள். பக்கத்தில் ஆளை நிறுத்தி வெட்டுவதைவிட அதுவே பாதுகாப்பு. பெரும்பாலும் இந்தியர்களான மாலுமிகள் அப்போதும் கப்பலுக்குள்தான் இருந்தார்கள். ஒரு வாரத்தில் கப்பல் நகர்த்தப்பட்டது.

ஜூன் 10 அன்று 700 அடி அகலமும் 50 அடி ஆழமும் கொண்ட பாதை முழுமையாகத் திறந்தது. ஆற்றடியை மறுபடி அளந்து பார்த்த பிறகே அந்த அனுமதி. சேற்றுக்குள் புதைந்த இரும்பு பின்னாளில் தூர்வாருகிறவர்களுக்கு இடைஞ்சலாகும் என்பதால், திறந்த பின்னும் அதைத் தேடி எடுக்கும் வேலை தொடர்ந்தது.