தோற்றவர்களை எண்ணு, மக்கா!

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர்களில் கால்பந்து என்றால் உயிர். அங்கே ஒரு டோர்னமென்ட்டுக்கு 23 டீம் பேர் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நாக்-அவுட்டில் மொத்தம் எத்தனை மேட்ச்? கிரவுண்டு எத்தனை நாளைக்கு வேண்டும், ரெஃப்ரிக்கு எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டால் சுற்றுச் சுற்றாகக் கூட்டுவார்கள். முதல் சுற்றில் 11 மேட்ச், ஓர் அணி மிச்சம். பிறகு 6, 3. மறுபடியும் ஓர் அணி மிச்சம். அப்புறம் 1, 1. ஆக 22.

‘தோற்றவர்களை எண்ணு, மக்கா’ என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மேட்ச் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்பும். டிரா ஆனாலும் பெனால்டி ஷூட்-அவுட் இருக்கிறது. கோப்பை வாங்கும் அணியைத் தவிர 22 அணிகள் வீட்டுக்குப் போயாக வேண்டும். ஆகவே 22 மேட்ச். கூட்டலே வேண்டாம். விம்பிள்டன் ஒற்றையரில் 128 பேர் என்றால் 127 ஆட்டம்.

அந்த ‘மிச்சம்’தான் வம்பு. மூன்று அணி நிற்கும்போது ஒன்றுக்கு மட்டும் ‘பை’ கொடுத்து, அதாவது ஆடாமலே, நேரே ஃபைனலுக்கு அனுப்பினால் ஊரில் அடிதடிதான். அதனால் ஃபிக்ஸ்சர் (ஆட்ட அட்டவணை) போடத் தெரிந்தவர்கள் 23-க்கு மேலுள்ள இரண்டின் அடுக்கைப் பார்ப்பார்கள்: 32. வித்தியாசம் 9. சீட்டுக் குலுக்கி 9 அணிகளுக்கு முதல் சுற்றிலேயே பை. மீதி 14 அணிகளுக்கு 7 மேட்ச். வென்ற ஏழும் பை பெற்ற ஒன்பதும் சேர்ந்து 16. அதன்பின் மிச்சமே வராது. 7, 8, 4, 2, 1 - கூட்டினால் அதே 22.

ஃபைனலில் தோற்ற அணிதான் இரண்டாவது சிறந்த அணியா? ‘ஆலிஸ்’ கதை எழுதிய லூயிஸ் கரோல் கணித ஆசிரியர். 1883-இல் டென்னிஸை வைத்து இதை மறுத்தார். 32 பேரில் இரண்டாவது சிறந்தவர், மிகச் சிறந்தவர் இருக்கும் பாதி அட்டவணையிலேயே சிக்கிவிட்டால் ஃபைனலைப் பார்க்கவே மாட்டார். அவருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31-இல் 16தான். ரன்னர் கோப்பையை ஏந்துகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அடுத்த முறை கமிட்டி ஃபிக்ஸ்சர் போட உட்காரும்போது ஊர்ப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மூன்றாம் இடத்துக்கும் மேட்ச் உண்டென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்போது 23.