மசோதாவுக்கு ஒப்புதல்: குடியரசுத் தலைவரின் அதிகாரம் எதுவரை?

நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவாக இருப்பினும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளிக்காத வரை அது சட்டமாகாது. அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்பட வேண்டிய அவர், அந்த ஒப்புதலை எவ்வளவு காலம் நிறுத்திவைக்க முடியும்?

அரசமைப்புச் சட்டம் கூறுவது என்ன?

மத்திய அரசின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் உள்ளது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவு. முப்படைகளின் தலைமைத் தளபதியும் அவரே. அவசரச் சட்டம் பிறப்பித்தல், கருணை மனுக்களின் மீது முடிவெடுத்தல் ஆகியவையும் அவரது அதிகாரங்களே.

எனினும், இவற்றை அவர் தம் விருப்பப்படி பயன்படுத்த இயலாது. 74-ஆவது பிரிவின்படி, பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் ஆலோசனைக்கேற்பவே செயல்பட வேண்டும். 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமையை 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தச் சட்டம் வழங்கியது. மறுபரிசீலனைக்குப் பின் வரும் ஆலோசனையை அவர் ஏற்றாக வேண்டும்.

ஒருமுறை திருப்பி அனுப்பலாம்

இந்த ஒருமுறை வாய்ப்புக்கும் வலிமை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியை அமல்படுத்தக் கோரிய பரிந்துரையை 1997-இல் கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். ஐ.கே. குஜ்ரால் தலைமையிலான அமைச்சரவை அதனை மீண்டும் வலியுறுத்தவில்லை.

மசோதாக்களுக்கும் 111-ஆவது பிரிவில் இதே போன்ற வாய்ப்பு உள்ளது. ஆதாயம் தரும் பதவி தொடர்பான மசோதாவை 2006-இல் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதனை மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியதால், அவர் ஒப்புதல் அளித்தார். பண மசோதாவை இவ்வாறு திருப்பி அனுப்ப இயலாது. அரசமைப்புத் திருத்த மசோதாவுக்கோ ஒப்புதல் அளித்தே ஆக வேண்டும்.

குறிப்பிடப்படாத காலம்

மசோதாவைத் திருப்பி அனுப்புவதாயின் இயன்றவரை விரைவாக அனுப்ப வேண்டும் என்று மட்டுமே 111-ஆவது பிரிவு கூறுகிறது. நாள் கணக்கு ஏதும் இல்லை. கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரமளித்த 1986-ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத் திருத்த மசோதாவுக்கு ஜெயில் சிங் ஒப்புதல் அளிக்கவில்லை. திருப்பி அனுப்பவும் இல்லை. அந்த மசோதா கடைசி வரை சட்டமாகவில்லை.

மாநில மசோதாக்களின் நிலை

ஆளுநர்கள் அனுப்பிவைக்கும் மாநில மசோதாக்களில் இந்த அதிகாரம் மேலும் விரிவானது. குடியரசுத் தலைவர் திருப்பி அனுப்பச் செய்த மசோதாவைச் சட்டப்பேரவை மீண்டும் நிறைவேற்றினாலும், அவர் ஒப்புதல் அளித்தே தீர வேண்டும் என 201-ஆவது பிரிவு கூறவில்லை.

தமிழ்நாடு அரசு தொடர்ந்த வழக்கில், இத்தகைய மசோதாக்களின் மீது குடியரசுத் தலைவர் 3 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என 2025 ஏப்ரல் 8-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இதையடுத்து, 14 கேள்விகளை எழுப்பி உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கோரினார் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு. குடியரசுத் தலைவருக்கோ ஆளுநருக்கோ நீதிமன்றம் காலவரம்பு விதிக்க இயலாது என நவம்பர் 20-இல் 5 நீதிபதிகள் அமர்வு கருத்துத் தெரிவித்தது.

மாநில மசோதாக்களிலும் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படியே குடியரசுத் தலைவர் முடிவெடுக்கிறார். எனவே, காலவரம்பு இல்லாத நிலை நடைமுறையில் மத்திய அரசுக்கே அவகாசம் அளிக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதா எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு அரசமைப்புச் சட்டத்தில் இன்றும் விடை இல்லை.