மென்பொருட் பொதிகளில் ஒட்டுக்களைப் பேணும் முறை

காட்டுப்பாக்கம், பூந்தமல்லி முதலிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணாக்கர் சிலர் இல்லத்தில், 2011-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசினர் விலையின்றி வழங்கிய மடிக்கணினியொன்று இன்னும் இருத்தல் கூடும். தொடக்கத்தில் தந்தவற்றுள் விண்டோஸுடன் பாஸ் என்னும் லினக்ஸும் இருந்தது. அது சென்னைச் சி-டாக் நிறுவனத்தார், டெபியன் என்னும் உலகப் பொதுத் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு அமைத்தது. ஆதலின் டெபியன் தொண்டர் வகுத்த முறைகளே நம் இல்லம்வரை வந்தெய்தின. பழைய கணினியில் புதிய லினக்ஸை ஏற்றியவுடன் வைஃபை ஓய்ந்துபோதல் பலரும் கண்டதே. அஃது ஏன் நிகழ்கின்றது, அதனைச் சீர்செய்வோர் எம்முறையைக் கையாளுகின்றனர் என்பவற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வைஃபை, அச்சுப்பொறி போன்ற ஒவ்வொரு கருவியையும் கணினியோடு பேசவைப்பதற்கு டிரைவர் என்னும் மென்பொருள் வேண்டும். லினக்ஸின் கருவாகிய கெர்னலுக்குள் அடங்கிய டிரைவர்களை, கெர்னலை மாற்றுவோரே உடன் திருத்திவிடுவர். வெளியே நிற்பனவற்றுக்கு அப்பேறில்லை. பிராட்காம் நிறுவனத்தாரது வைஃபை டிரைவரை எடுத்துக்கொள்வோம். அதன் நடுப்பகுதி மூலம் காட்டப்படாத இருமக் கோப்பு. கெர்னலோடு பொருந்தும் புறப்பகுதி மட்டுமே படித்துத் திருத்தத்தக்க மூலநிரல். (முழுதும் திறந்ததென்று சொல்லுதற்கில்லை, எனினும் நம் பொருளுக்கு நல்ல சான்று.) 2015-இல் வெளியிட்ட 6.30.223.271 என்னும் பதிப்போடு நிறுவனத்தார் நின்றுவிட்டனர். கெர்னலோ நிற்கவில்லை. 2020-இல் வந்த 5.6-ஆம் பதிப்பில், அந்த டிரைவர் நம்பியிருந்த பழைய செயற்கூறொன்று நீக்கப்பட்டது. டிரைவர் தொகுபடாமற் போயிற்று. இவ்வாறு நேருந்தோறும் பயனர் எவரேனும் சில வரிகளை மாற்றி எழுதி உலகுக்கு அளித்து வந்தனர். அவர் நிறுவனத்தாருமல்லர், பொதிசெய்வோருமல்லர், மூன்றாமவர். அவர் தரும் திருத்தமே பேட்ச் எனப்படும் ஒட்டு.

ஒட்டில், நீக்கற்குரிய வரிகள் கழித்தற் குறியோடும், சேர்த்தற்குரியவை கூட்டற் குறியோடும், இடமறிதற்பொருட்டு அவற்றின் மேலுங்கீழுமுள்ள சில வரிகளும் எழுதப்பட்டிருக்கும். அதனைப் படித்து மூலத்திற் பொருத்தும் நிரலை லாரி வால் என்பார் 1985-இல் இயற்றினார். பொருத்திய மூலத்தையே புதிய மூலமாகச் சேமித்துவிட்டால் வேலை எளிதில் முடியும்; ஆனால் எது முதலாசிரியர் எழுத்து, எது பிறர் கை என்பது பின்னர் எவர்க்கும் விளங்காது. ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகலால் நாம் பட்டது போதாதா? சாமிநாதையரவர்கள் பாடபேதங்களை மூலத்திற் கலவாது வேறாகக் குறித்ததுபோலவே, டெபியன் பொதிகளிலும் முதலாசிரியர் வெளியிட்ட கோப்பு கைபடாது வைக்கப்பெறும். ஒட்டுக்கள் தனியடைவில் இருக்கும். எதன்பின் எதனைப் பொருத்துவதென்னும் வரிசை ஒரு பட்டியலில் இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் நோக்கம், எழுதியவர், பெற்ற இடம், முதலாசிரியர்க்கு அனுப்பப்பட்டதா என்னும் செய்தி ஆகியவற்றைக் குறித்தல் வேண்டுமென்பர். கடைசிக் குறிப்பே தலையாயதென்பது எம் கருத்து. அனுப்பப்பட்டு ஏற்கப்பட்ட ஒட்டை அடுத்த பதிப்பில் கழித்துவிடலாம். அனுப்பாததைப் பொதிசெய்வோர் ஆண்டுதோறும் சுமக்க வேண்டும். மூலம் சிறிது நகர்ந்தால் ஒட்டு ஏறத்தாழப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொள்வதுமுண்டு; அவ்வாறு தளர்ந்து பொருந்துவதை டெபியனின் பொதிக்கருவி ஏற்பதில்லை. ஒட்டெழுதியவர் தந்த உரிமம் மூலத்தின் உரிமத்தோடு இசைகின்றதா என்பதும் பார்க்கத்தக்கது.

இத்துணைக் கண்டிப்பு வேண்டுமோ எனின், டிரைவரல்லாத பிறிதொரு மென்பொருளில் நிகழ்ந்ததைக் காண்க. ஓப்பன்எஸ்எஸ்எல் என்பது மறைகுறியீட்டுக்குரிய நிரற்றொகை. 2006-இல் டெபியன் பொதிசெய்வோர், சோதனைக் கருவியொன்று குறை கூறியதைக் கண்டு, அதில் இரண்டு வரிகளை நீக்கினர். முதலாசிரியர் குழுவினிடம் கேட்டதுமுண்டு. தக்க ஆராய்ச்சியின்றி விடை வந்தது. அக்காலப் பொதிவகையில் மாற்றங்களெல்லாம் ஒரே கோப்பில் அடங்கியிருந்தமையின், இவ்வொன்று பிறர் கண்ணில் தனித்துப் படவில்லை. நீக்கிய வரிகளே திறவுகோலுக்குத் தற்செயற்றன்மையை ஊட்டுவன. அவை போனபின், ஒருவகைக் கணினியில் ஓர் அளவுடைய திறவுகோல் ஏறத்தாழ 32,768 வடிவங்களுக்குள் அடங்கிற்று. கள்வன் ஒவ்வொன்றாக முயன்று திறக்கலாம். 2008 மே 13-இல் இது வெளிப்பட, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் ஆக்கிய திறவுகோல்களையெல்லாம் மாற்ற நேர்ந்தது.

ஒட்டுக்களைத் தனித்தனியே வைக்கும் பொதிவகை பின்னர்ப் பரவிற்று. இன்று டெபியன் வழிவந்த கணினியில், மூலப்பொதிகளின் இருப்பிடத்தைக் குறித்துவிட்டு, ஆப்ட் சோர்ஸ் என்னும் கட்டளையோடு பொதியின் பெயரைத் தந்தால், மூலமும் ஒட்டுக்களும் வேறுவேறாக வந்திறங்கும்; கணினி பயிலும் நம் மாணாக்கர் ஒரு மாலைப்பொழுதில் அவற்றுள் ஒன்றைப் படித்துவிடலாம்.