கால்கட்டு வைத்தியம்

"பேச்சே குறைஞ்சுபோச்சு, ராத்திரி தூக்கமும் இல்ல. ஒரு கால்கட்டைப் போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்." மகனைப் பற்றி இப்படி யோசனை சொல்லும் உறவினர் இல்லாத குடும்பம் அரிது. மகள் என்றால், "புகுந்த வீட்டுக்குப் போனா மாறிடுவா."

துணை இருந்தால் மனம் தேறும் என்பதில் பொய்யில்லை. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், மணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, கணுக்காலில் லேசாக ஷாக் வரலாம் என்று எச்சரித்தார்கள். தனியாகக் கிடந்தபோது மூளையில் பதற்றம் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்ததும் கொஞ்சம் அடங்கியது. கணவர் பிடித்ததும் நன்றாகவே அடங்கியது. அதிலும், இல்லறத்தில் நிறைவு அதிகம் என்று சொன்ன பெண்களுக்கே அமைதியும் அதிகம்.

நிறைவு இல்லாத வீட்டில்?

யூட்டா மாநிலத்தில் மணமான 204 பேருக்கும் மணமாகாத 99 பேருக்கும் பிரஷர் கருவியைக் கட்டி 24 மணி நேரம் அளந்தார்கள். 2008இல் முடிவு வந்தது. இணக்கமான தம்பதியருக்கு ரத்த அழுத்தமும் மனச்சோர்வும் குறைவு. கசப்போடு குடித்தனம் நடத்துபவர்களுக்கோ ஒண்டிக்கட்டைகளைவிட அழுத்தம் அதிகம்!

மனச்சோர்வில் இருப்பவருக்கு எந்த உறவும் கசக்கத்தானே செய்யும் என்று வாதிடும் நிபுணர்களும் உண்டு. இருக்கட்டும். கல்யாணப் பேச்சில் இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் இடமேது? அங்கே நடப்பது மறைப்பு. செவ்வாய் தோஷத்தை மறைக்காமல் சொல்கிறவர்கள், பையன் சாப்பிடும் மாத்திரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. நிச்சயம் முடிந்ததும் மாத்திரை டப்பா பீரோவுக்குள் போய்விடும். சிலர் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தியே விடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம்; மனச்சோர்வு மாத்திரை என்றால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் என்று தொல்லைகள் வேறு. மறுவீடு, விருந்து, கோயில் என்று அலைகிற அதே வாரங்களில் இதுவும் சேர்ந்துகொள்கிறது. எரிந்து விழும் கணவனை, 'குணமே இதுதான் போலிருக்கு' என்றுதான் புதுப்பெண் நினைப்பாள். மருமகள் மாத்திரையை மறைத்துச் சாப்பிடும் வீடுகளிலும் இதே கதைதான்.

முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால், திருமணத்தை ரத்து செய்யக் கோர 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் வழி உண்டு. மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழியும் அடைபடும். "கொஞ்சம் பொறுத்துப்போம்மா, போகப்போகச் சரியாயிடும்" என்று பிறந்த வீடு சமாதானம் சொல்வதும் அந்த ஓராண்டில்தான்.